இல்லேன்னா மாமி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன், முன்பின் தெரியாதவர்கள் படிப்பதற்காக ஒன்றை எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. இந்த மாமியைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் தெருக்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால்தான் துணிந்தேன். முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டுக்கொண்டு எழுத அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மகள் வந்து வடக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி. இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். 'இருந்தால்' என்று எழுதியதுமே, "இல்லேன்னா?" என்று அவர் கேட்பது காதில் விழுகிறது.

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயரே அதுதான். இல்லேன்னா மாமி. அவருக்கும் அது தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பழவங்காடியில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. காலையில் திறப்பது, துடைப்பது, கம்ப்யூட்டர்களின் உறைகளைக் கழற்றி மடித்து வைப்பது, வருகிறவர்களைச் செருப்பை வெளியே விடச் சொல்வது, போன் வந்தால் எடுப்பது. ஏசி அறைக்குள் தூசி வந்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். ஜன்னலைத் திறந்தால் கீழே கணபதி கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

மாமி சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு பார்த்து வந்தார். முதலாளி கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டதால் அதில் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ள எங்களிடம் வந்தார். ஐம்பதைத் தொட்டிருப்பார். மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு குடைகள் இருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். ஒன்று கம்பி மடங்கிக்கொண்டால் இன்னொன்று.

சேருகிற அன்று, ஆறு மாதத்தில் படித்து முடித்துவிடலாம் மாமி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி சொன்னேன்.

"முடிஞ்சா சரி. இல்லேன்னா?" என்றார்.

அதற்குப் பதில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. பாடம் நடத்துகிற சாரைக் கூப்பிட்டேன். அவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளி, என்னைவிட வயதில் சின்னவர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவர். அவரும் யோசித்துவிட்டு, இல்லையென்றால் முடிகிறவரை வரலாம் என்றார். மாமி அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றினார்.

கேட்பதில் குத்தலோ சவாலோ இருக்காது. முகத்தைச் சற்றுச் சாய்த்து, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று விசாரிக்கிற மாதிரி கேட்பார். ஆட்டோக்காரர் பத்து நிமிஷத்தில் கொண்டு விடுகிறேன் என்றால் கேட்பார். தையல்காரர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் கேட்பார். ஆட்டோக்காரர்கள் சிலர் அவரைக் கண்டால் மீட்டரைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வார்கள். கணபதி கோயிலில், நினைத்தது நடந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள் அல்லவா, மாமி முன்னாலேயே உடைத்துவிடுவார்.

"நடந்தா உடைக்கறேன்னா, நடக்கலேன்னா பிள்ளையாருக்கு ஒண்ணும் கிடையாதா? பாவம், அவர் என்ன பண்ணுவார்" என்பார்.

கணவர் போன பிறகுதான் மாமி இப்படி ஆகிவிட்டார் என்று அவர் தெருவில் பேசிக்கொண்டார்களாம். அதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சின்ன வயதில் இதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறாராம். "அவர் இருந்தவரைக்கும் அவரைக் கேட்டுண்டிருந்தேன். இப்போ ஊரைக் கேக்கறேன். அவ்வளவுதான்."

எல்லோருக்கும் அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய மகளே, அம்மாவிடம் நல்ல சேதி சொன்னால் போனை வைப்பதற்குள் அது கெட்ட சேதியாகிவிடுகிறது என்று சண்டை போடுவாள் என்று கேட்டிருக்கிறேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம் மாமி என்றேன். "பிடிச்சா சரி. இல்லேன்னா?" என்றார். பெண்ணுக்கு என்னைப் பிடிக்காவிட்டால் என்று கேட்கிறார் என நினைத்துக் கூனிக் குறுகிப் போனேன். அவர் அதைக் கேட்கவில்லை. எனக்குப் பிடிக்காவிட்டால் என்ன சொல்வேன், யாரிடம் சொல்வேன் என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த இடம் அமையவில்லை, அது வேறு கதை.

கணக்குப் பாடத்துக்கு வந்தவர் பக்கத்து அறையில் நடந்த புரோகிராமிங் வகுப்பில் காதை வைத்துவிட்டார். தடுப்புப் பலகை மெல்லியது, அங்கே பேசுவது இங்கே கேட்கும். ஒரு நாள் சார் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரிடம் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'இல்லையென்றால் இதைச் செய்' என்றும் சொல்லலாம், அதற்கு 'எல்ஸ்' என்று பெயர் என்றார். மாமி எழுந்து தடுப்பைத் தாண்டிப் போய் நின்றார். வகுப்பு முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள்.

"சார், அந்த வார்த்தையை அதுக்குள்ளேயே வெச்சிருக்காளா?"

"உண்டு மாமி."

"நான் கேக்கறதுக்கு முன்னாடியே அது சொல்லிடுமா?"

"நம்மள் எழுதிக் கொடுத்தா சொல்லும்."

"எனக்குன்னே பண்ணி வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முதல் அந்த வகுப்பில்தான் இருந்தார்.

மற்ற பிள்ளைகள் எழுதுகிற புரோகிராம் திரையில் ஒரு பக்கம் வந்தால் மாமியுடையது மூன்று பக்கம் வரும். ஒவ்வொரு 'இருந்தால்' என்பதற்கும் கீழே அவருடைய 'இல்லேன்னா' இருக்கும். எல்லாவற்றுக்கும் அது வேண்டாம் மாமி என்று சார் சொல்லிப் பார்த்தார். மாமி அதற்கு என்ன கேட்டிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எனக்குப் புரோகிராம் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்ததில் விளங்கியதைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீவராகத்தில் மாமி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. தரைக்குக் கீழே உள்ள சின்னத் தொட்டியில் விழும். விழுந்ததும் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றினால்தான் கீழே மறுபடி இடம் கிடைக்கும். மாமி பகலெல்லாம் சாலைக் கடையில் இருப்பார். தண்ணீர் வந்தது தெரிந்தால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்து மோட்டாரைப் போடச் சொல்லலாம். வந்தது எப்படித் தெரியும்? அதை இன்டர்நெட்டில் தெரிய வைக்க வேண்டும் என்று மாமிக்குத் தோன்றிவிட்டது. அந்தக் காலத்தில் நாங்கள் இன்டர்நெட்டில் மெயில் பார்ப்போம், பரீட்சை ரிசல்ட் பார்ப்போம். வீட்டுத் தொட்டியை அதில் பார்க்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. சார் மட்டும், செய்து பார்க்கலாம் மாமி என்றார்.

தண்ணீரைத் தொட்டுச் சொல்வதற்கு மாமி வீட்டிலிருந்து எவர்சில்வர் கரண்டிகளைக் கொண்டுவந்தார். ஒரு பலகையில் அடியில் ஒரு ஜோடி, மேலே ஒரு ஜோடி. இரண்டு கரண்டியும் தண்ணீரில் நனைந்தால் அவற்றுக்கு நடுவே மின்சாரம் துளியளவு கசியும். அது ஒயர் வழியாகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பிரிண்டர் மாட்டுகிற இடத்துக்குப் போகும். கம்ப்யூட்டர் தானாகவே டயல் செய்து, கீ என்று கத்தி, இன்டர்நெட்டில் மாமிக்கென்று சார் திறந்து கொடுத்த ஒரு பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். கரண்டி சீக்கிரமே கறுத்துப்போகும். மாமி புளி போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவார்.

என்ன வரி எழுத வேண்டும் என்பதைச் சார்தான் தட்டினார். அவருக்கு வந்தது மலையாளம். மேல் கரண்டி நனைந்தால் 'நிறஞ்ஞு', நிறைந்துவிட்டது என்று. அடிக் கரண்டி மட்டும் நனைந்தால் 'ஓகே'. இரண்டும் இல்லையென்றால், அதாவது கடைசி எல்ஸுக்கு, 'வெள்ளம் இல்ல'. எல்லாம் ஆங்கில எழுத்தில்.

மாமி திரையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "வெள்ளம் இல்லேன்னா நல்லதுதானே சார்? வெள்ளம் வந்துதுன்னா நாங்க மொட்டை மாடிக்கு ஓடணும்."

சாருக்குப் புரியவில்லை. தமிழில் வெள்ளம் என்றால் ஆறு கரை புரண்டு வருவது, உங்கள் வெள்ளத்தை எங்கள் வீட்டில் ஜலம் என்போம், இதோ இந்தத் தம்பி வீட்டில் தண்ணி என்பார்கள் என்று மாமி விளக்கினார். அப்படியானால் ஜலம் என்று மாற்றிவிடட்டுமா என்று சார் கேட்டார்.

"வேண்டாம், இருக்கட்டும். வேடிக்கையா இருக்கு" என்றார் மாமி.

அந்த வரி அப்படியே நின்றது. தெருவில் சில வீட்டுப் பிள்ளைகள்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தங்கள் வீட்டு மோட்டாரைப் போட ஆரம்பித்தார்கள்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அத்தான் முதலில் திருவனந்தபுரத்தில் ஹோட்டல் வேலைக்கு வந்தார். பிறகு அக்காவையும் கூட்டிக்கொண்டு கல்லாற்றில் ஒரு டீக்கடையை எடுத்து நடத்தினார். பொன்முடி போகிறவர்கள் மலை ஏறுவதற்கு முன் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். கடையோடு சேர்ந்து ஒரு டெலிபோன் பூத்தும் இருந்தது. கடைக்குப் பின்னால் இறங்கினால் ஆறு. அக்கா பாத்திரங்களை அங்கேதான் கொண்டுபோய்க் கழுவுவாள். பெரிய பெரிய உருண்டைக் கல்லாகக் கிடக்கும், நடுவே பளிங்கு மாதிரி தண்ணீர் ஓடும். பார்த்தால் கணுக்கால் நனைகிற ஆறு என்றுதான் தோன்றும். ஆனால் மலை மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமாக இறங்கி வரும். குளிக்க இறங்கியவர்கள் போயிருக்கிறார்கள்.

ஒரு தடவை கல்லாறு போய்வந்து, முந்தின நாள் ஆறு அப்படி இறங்கியபோது அக்கா மயிரிழையில் தப்பி மேலே ஏறினாள் என்று பேச்சுவாக்கில் மாமியிடம் சொன்னேன். எப்படித் தெரிந்து ஏறினாள் என்று கேட்டார். தண்ணீர் கலங்கும், சருகு மிதந்து வரும், அதைப் பார்த்து ஏறிவிடுவாள் என்றேன்.

"சருகு வந்தா சரி. இல்லேன்னா?"

இந்தத் தடவை அவர் முகத்தைச் சாய்க்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

அவருடைய முதலாளிக்குக் கல்லாற்றுக்கு மேலே, ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மலைவீடு இருந்தது. குடும்பத்தோடு எப்போதாவதுதான் போவார்கள். போன் இருந்தது. ஒரு வாட்ச்மேன் உண்டு, பகலில் இருந்தாலும் இருப்பார், இல்லாமலும் போவார். மாமி முதலாளியிடம் எப்படிக் கேட்டாரோ, சம்மதம் வாங்கிவிட்டார். கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரையும் வாங்கினார். ஒரு விடுமுறை நாளில் மாமி, சார், நான் மூன்று பேரும் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விதுரா பஸ்ஸில் போய், அங்கிருந்து ஜீப் பிடித்து மேலே ஏறினோம். கரண்டிப் பலகையை ஒரு பாறை இடுக்கில் இறுக்கிக் கட்டினோம். அடிக் கரண்டி எப்போதும் ஆற்றில் நனைந்துகொண்டிருக்கும். மேல் கரண்டியைத் தண்ணீர் தொட்டால் ஆபத்து. அதே புரோகிராம்தான். நன்றாக ஓடுகிறதை எதற்குக் குலைக்க வேண்டும் என்று மாமி அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மற்றவற்றுக்கெல்லாம் கேட்டார். கரண்ட் போனால்? போன் லைன் அறுந்தால்? கடைசி வரி எந்த நேரத்தில் வந்தது என்பதும் பக்கத்தில் தெரியும்படி செய்தார். நேரம் பழையதாக இருந்தால் நம்பக் கூடாது. ஆற்றுக்கென்று சார் தனியாகத் திறந்து கொடுத்த அந்தப் பக்கத்தை மாமி கடையிலும் நான் சென்டரிலும் பார்ப்போம். 'நிறஞ்ஞு' என்று வந்தால் அத்தானுக்குப் போன்.

அத்தானுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏ மாப்ள, ஆத்துல கரண்டியப் போட்டுட்டு மழை வருதான்னு பாக்கியளே. சட்டியும் சேத்துப் போட்டா சாம்பாராவது கெடைக்கும்லா" என்பார். ஆனால் முதல் தடவை 'நிறஞ்ஞு' என்று வந்து நான் போன் செய்து, அக்கா மேலே ஏறி, கொஞ்ச நேரத்தில் ஆறு பழுப்பாக வந்து அவள் உட்கார்ந்திருந்த கல்லை மூடிய பிறகு, அவர் அந்தச் சாம்பார் பேச்சை விட்டுவிட்டார். குளிக்க வருகிறவர்களுக்கும் அவரே கையைத் தட்டி எச்சரிக்கை சொல்ல ஆரம்பித்தார்.

அது நடந்தது ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை. மாலை வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அத்தானிடமிருந்து போன். கடையில் கூட்டம், பாத்திரம் குவிந்து கிடக்கிறது, மேலே மலை கறுத்துக் கிடப்பதால் உன் அக்கா இறங்காமல் கரையிலேயே நிற்கிறாள், மாமியோட பெட்டி என்ன சொல்லுது என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். பக்கத்தைத் திறந்தேன். எப்போதும் இருக்கிற 'ஓகே' இல்லை. 'வெள்ளம் இல்ல' என்று இருந்தது. நேரமும் புதியது. கேட்ட கேள்விக்கே பதில் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அந்தச் சமயத்தில் மாமியே வீட்டிலிருந்து கூப்பிட்டார். இங்கேயும் வானம் இருட்டியதால் அவரும் பார்த்திருக்கிறார்.

"பாத்தேன் தம்பி. வெள்ளம் இல்லைன்னுட்டுது. அக்காட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்கோ."

மாமி சொன்னதை அத்தானிடம் சொன்னேன். அக்கா பாத்திரக் கூடையோடு இறங்கினாள்.

சார் கையில் டீயோடு என் பின்னால் வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"ஆற்றில் வெள்ளமில்லெயோ? பின்னெ ஆறு எவிடெ போயி?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் அதைத் தன் மொழியில் படித்திருந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. அடிக் கரண்டிகூட நனையவில்லை. ஆறு எங்கும் போகாது, அப்படியானால் ஒயர் அறுந்திருக்கிறது. அந்தப் பாறை இடுக்கில் அவ்வளவு இறுக்கிக் கட்டியதை எது அறுக்கும்? இது எனக்கு விளங்குவதற்குள் சாருடைய சிரிப்பும் நின்றுவிட்டது.

போன் போட்டேன். எங்கேஜ்டு. பூத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. பொன்முடியில் பனி எப்படி இறங்குகிறது என்று ஒருவர் தன் வீட்டுக்கு வர்ணித்துக்கொண்டிருந்தார் என்று அத்தான் பின்னால் சொன்னார். வகுப்பில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி நான் அந்தப் பட்டன்களைக் குத்தியிருக்கிறேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் மணி போயிற்று. அத்தான் எடுத்தார்.

"அக்காவ மேல வரச் சொல்லுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ரிசீவரை வைக்கவும் இல்லை. அது தொங்கி எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தானின் குரல் தூரத்தில், என் அக்கா பெயரைச் சொல்லி. பிறகு யார் யாரோ ஓடுகிற சத்தம். பிறகு ஒரு இரைச்சல், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே அது போல. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். சார் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

யாரோ ரிசீவரை எடுத்தார்கள். மூச்சு வாங்கியது.

"ஏலே" என்றாள் அக்கா. "பெரிய குண்டான் போச்சுலே."

நான் போனை வைத்துவிட்டுப் போய் கம்ப்யூட்டர்களுக்கு உறை போட ஆரம்பித்தேனாம். பிள்ளைகள் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சார் ரொம்ப காலம் சொல்லிச் சிரித்தார்.

மாமியிடம் சொன்னபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.  சரி என்று வைத்துவிட்டார்.

காலையில் சென்டரைத் திறக்கப் போனால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டுக்குக் கேட்டேன் தம்பி. போனுக்குக் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பாத்து நான் சிரிச்சேனே தவிர, கேக்கலை."

நேராகக் கல்லாறு போனோம்.  வழியெல்லாம் மாமி பஸ் டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக் கசக்கிக்கொண்டு வந்தார். கடையில் கூட்டம் இல்லை. அக்காவுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்றார். சொன்ன வார்த்தை சரியாக இருந்தால் போதாது, கேட்கிறவர்களுக்கும் அது சரியாகப் போய்ச் சேர வேண்டும், அது எனக்குத் தெரியவில்லை, தெரியாத காரியத்தில் உன்னை நம்ப வைத்து ஆற்றில் இறக்கிவிட்டேன் என்றார். 

அக்கா அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"மாமி, இது இருந்தா ஒரு நாளு தப்பாச் சொல்லுது. சரி. கழத்திட்டுப் போயிருவிய. இது இல்லேன்னா?"

மாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இல்லேன்னா எனக்கு மறுபடியும் சருகுதான சொல்லணும்" என்றாள் அக்கா.

 மாமியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்து, மறுபடி ஒன்றும் அறியாத மாதிரி கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. பூத்தில் போன் அடித்தது. அத்தான் எடுக்கப் போவதற்குள் நின்றுவிட்டது. யாரோ தப்பாக டயல் செய்திருக்க வேண்டும். மாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தே வேண்டாம்" என்றார்.

மேலே போய், அந்த மலைவீட்டில் உட்கார்ந்து, புது ஒயர் போட்டு, புதுக் கரண்டி மாட்டி, புரோகிராமை மாற்றி எழுதினார். கம்ப்யூட்டர் இனி அத்தான் கடைக்கே டயல் செய்யும். இரண்டு மணி அடித்துவிட்டு வைத்துவிடும். யாரும் எடுக்க வேண்டாம். அடிக் கரண்டி நனைந்து மேல் கரண்டி காய்ந்திருந்தால்தான் அடிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை.

கீழே வந்து அத்தானிடம் விளக்கியபோது அவர் தலையைச் சொறிந்தார். ஆபத்து வந்தால் மணி அடிப்பதுதானே உலக வழக்கம், இது என்ன, ஒன்றும் இல்லாவிட்டால் அடிக்கும் என்கிறீர்களே என்றார்.

"ஆமாம். அடிச்சா எல்லாம் நன்னா இருக்குன்னு அர்த்தம். இல்லேன்னா மேல ஏறிடுங்கோ. ஏன், எதுக்குன்னு பாக்க வேண்டாம். மணிக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது."

அத்தான் யோசித்தார். "சரி மாமி. அந்த நேரம் பாத்து பூத்துல ஒருத்தன் பேசிக்கிட்டு நின்னான்னா? அப்ப மணி எப்படி அடிக்கும்?"

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக. இப்படிக் கேட்கிற ஒருவரைத் தான் தேடிக்கொண்டிருந்த மாதிரி அத்தானைப் பார்த்தார்.

"அப்போ சும்மா ஏறி நில்லுங்கோ. சும்மா மேல ஏறினவா யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

அக்கா சிரித்தாள். மாமிக்குக் காப்பி போட்டாள். கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினோம். விதுரா தாண்டும்போது மழை வந்தது. மாமி ஒரு குடையை விரித்து ஒழுகுகிற ஜன்னலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. காலையில் போன் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது, அத்தான் எடுக்கவில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவில்லை. அக்கா கழுவியது பாதி கழுவாதது பாதியாக மேலே ஏறி நின்றாள். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களை அத்தான் அதட்டி ஏற்றினார். ஆற்றில் ஒன்றும் வரவில்லை. மலைவீட்டில் வாட்ச்மேன் சட்டைக்கு இஸ்திரி போட மோடத்தின் பிளக்கைப் பிடுங்கியிருந்தாராம். அவர் திரும்பக் குத்திய பிறகு அடுத்த அரை மணிக்கு மணி அடித்தது. அக்கா இறங்கி மீதிப் பாத்திரத்தைக் கழுவினாள்.